பாதியில் போர்த்திய பொன்னாடை

ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போர்த்திய பொன்னாடை நாற்காலிமேல் கிடக்கிறது. மலைக்கோட்டைக் கடைத்தெருவில் வாங்கியது. புதுத்துணியின் கஞ்சி வாசனை அறை முழுக்க நிற்கிறது. அந்த வாசனையில் உட்கார்ந்துகொண்டுதான் உங்களுக்கு இதை எழுதுகிறேன். நீங்கள் கண்மூடிய பிறகு, நீங்கள் தொடங்கிய நம் நடனக்குழு ஏறிய முதல் மேடையைப் பற்றி யாராவது உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். கெடுத்தவனே சொல்வதுதான் முறை.

ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபம் நினைவிருக்கிறதா? முகூர்த்தம் இல்லாத நாட்களில் மட்டும் நமக்கு ஒத்திகைக்குக் கிடைக்கும். சுபகாரியம் கூடாது என்று ஊரே ஒதுக்கிவைத்த ஆடியும் மார்கழியும் நமக்கு அமோகமான மாதங்கள். மற்ற மாதங்களில், முதல்நாள் விருந்தின் எண்ணெய்ப் பிசுக்கில் உங்கள் சக்கர நாற்காலி வழுக்கும். "நல்லா இருக்கே, இதையும் சேத்துக்கலாம்" என்று அந்த வழுக்கலையே ஓர் அசைவாக ஆக்கிவிட்டீர்கள்.

அங்கேதான் குழுவின் நோக்கத்தை எழுதித் தரும்படி கேட்டீர்கள். பத்திரிகையில் ஊரைக் கிண்டல் செய்து எழுதியே பெயர் வாங்கியவன், அன்றைக்கு மட்டும் உருகிவிட்டேன். உடற்குறையை வென்ற நெஞ்சுரம், நம்பிக்கை ஒளி என்று ஒரு பக்கம். படித்துவிட்டுச் சிரித்தீர்கள்.

"நல்லாத்தான் இருக்கு சார். நாங்கதான் இதுல இல்ல."

"என்னம்மா குறை?"

"எதையும் ஜெயிக்க வரலை சார், ஆட வந்திருக்கோம். நடக்குறவங்க, நடக்காதவங்க, யாரு வேணா சேந்து ஆடலாம். பாக்குறவங்க கடைசி வரைக்கும் பாக்கணும். அவ்ளோதான், அத எழுதுங்க."

எழுதினேன். புரிந்துகொண்டதாகவும் நினைத்தேன்.

நீங்கள் கடைசியாக அமைத்த ஆட்டத்தைத்தான் ஞாயிறன்று மேடையேற்றினோம். உங்கள் இடத்தில் தேன்மொழி, தொட்டியத்துப் பெண், சக்கர நாற்காலியில். அவளோடு நின்று ஆடுபவர் சலீம். நடுவில் இசை நின்றுவிடும். இருவரும் எதிரெதிரே அசையாமல் மூச்சு மட்டும் விடுவார்கள். அதற்குப் பிறகுதான் ஆட்டத்தின் உயிர். சலீம் நாற்காலியின் பின்கம்பியில் ஏறி அவள் தோள்களைப் பிடித்துக்கொள்வார். அவரையும் சேர்த்து அவள் மேடையைச் சுற்றி ஓட்டுவாள். தாங்குபவள் அவள்.

இசை நின்றது. நம் ஊரில் சத்தம் நின்றால் நிகழ்ச்சி முடிந்தது என்று பொருள். முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த சிறப்பு விருந்தினர் பொன்னாடையோடு எழுந்தார். நிகழ்ச்சியைத் தொகுத்துச் சொல்ல மேடைப்படியருகே மைக்கோடு நின்ற என்னை, போகலாமா என்பதுபோல் பார்த்தார். ஒத்திகையில் அந்த மௌனத்தை எத்தனையோ முறை பார்த்தவன் நான். பொன்னாடைக் கலாசாரத்தை நக்கலடித்துப் பத்தி பத்தியாக எழுதியவனும் நானே. ஆனால் பெரிய மனிதர் எழுந்து நிற்கிறார்; உட்காரச் சொல்வது எப்படி?

"வாங்க சார், வாங்க" என்றேன். மைக்கில்.

தேன்மொழியின் தோளில் போர்த்தினார். அதன் முனை சக்கரத்தில் சிக்கிக்கொண்டது.

"சார், இன்னும் முடியலை" என்றாள்.

"உங்க தன்னம்பிக்கைக்கு முடிவே கிடையாதும்மா!" என்றார் அவர். அரங்கம் எழுந்து கைதட்டியது. கையோடு எனக்கும் ஒன்று போர்த்தினார்கள். குனிந்து வாங்கிக்கொண்டேன்.

கூட்டம் கலைந்த பிறகு சலீம் தரையில் உட்கார்ந்து சக்கரத்திலிருந்து சரிகையை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார். தேன்மொழி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"நான் சலீமண்ணன தாங்குறத யாருமே பாக்கல சார். எங்கப்பா அதப் பாக்கத்தான் வந்தாரு. கைதட்டிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கெளம்பிட்டாரு."

"தப்புதாம்மா."

"அடுத்த தடவ மைக்க நான் வச்சுக்கறேன். நீங்க படியில உக்காருங்க. யாரும் மேல ஏறாம பாத்துக்குங்க."

வரும் ஆடியில் ஆட்டத்தை முதலிலிருந்து கடைசி வரை ஆடப்போகிறார்கள். அவள் அப்பாவும் வருகிறார். படிக்கட்டுப் பொறுப்பு என்னுடையது. இன்னமும் என்னை நம்பித் தந்திருக்கிறாள். யாராவது எழுந்தால், "உக்காருங்க சார், இன்னும் முடியலை" என்று சொல்ல வேண்டும். வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பழகுகிறேன். எத்தனை முறை சொன்னாலும், அதற்கு முன்னால் "மன்னிக்கணும்" என்று ஒன்று தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது.