உறையை மறுபடி கட்டிவிட்டுப் போனவர்

விருத்தாசலம்
திங்கட்கிழமை காலை

அன்புள்ள அறிவழகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே மழை பிடித்துக்கொண்டிருக்கிறது, அதைத் தவிர எனக்கும் அப்பாவுக்கும் ஒரு குறையும் இல்லை, நீயும் இளமதியும் அந்த டப்ளின் குளிரில் சளி காய்ச்சல் என்று படுக்காமல் வேளைக்குச் சாப்பிட்டு நடமாடிக்கொண்டிருப்பீர்கள் என்ற நினைப்பில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். தினமும் போனில் பேசுகிறோமே, இதென்ன திடீரென்று கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் பாதியில் நீ குறுக்கே பேசுவாய், மீதியில் அப்பா குறுக்கே பேசுவார், சொல்லவந்தது எனக்கே மறந்துபோகும். தாளில் அந்தத் தொல்லை இல்லை. எழுதி முடித்ததும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், தாள்களைத் தபாலிலும் போட்டுவிடுகிறேன். கடைசி வரை பொறுமையாகப் படி, ஏனென்றால் கடைசியில் நீ செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதுவும் இந்த வெள்ளிக்கிழமைக்குள்.

விஷயம் உன் கார்தான். ஆயுத பூசையன்று காலையில் அப்பா சந்தனமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு போய் உறையைக் கழற்றியபோது, கருநீல வண்டி முழுவதும் சாம்பல் பூத்ததுபோல் கீறிக் கிடந்தது, முன் கண்ணாடிகூட மங்கிப்போயிருந்தது. படம் அனுப்பினேன், யாரோ உப்புத்தாள் வைத்துத் தேய்த்திருக்கிறான் என்று நீ சொன்னாய். அதற்கு முந்திய இரண்டு நாளும் நாங்கள் சேத்தியாத்தோப்பில் உன் அத்தை பேத்தியின் காதுகுத்தில் இருந்தோம், வீடு பூட்டிக் கிடந்தது. எதிர்வீட்டுக் கோவிந்தராசுவின் மேல் எல்லாருக்கும் சந்தேகம் வந்தது. அவருடைய குட்டியானை வண்டி பொம்மைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு தெருவளைவில் திரும்ப முடியாமல் உன் கார் மறிக்கிறது என்று மூன்று மாதத்துக்கு முன்பு அப்பாவோடு பெரிய வாக்குவாதம் நடந்ததே, அப்போது அவர் தெருவே கேட்கும்படி, “இந்த வண்டி இங்கியே நின்னுகிட்டு இருந்தா என்னைக்காச்சும் ஒரு நாளு இதுக்கு ஏதாச்சும் ஆவப்போவுது, பாருங்க சார்” என்று சொன்னார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. போதாதா? போலீஸ் புகாரில் அவர் பேரைப் போடு என்றார் அப்பா, நீயும் போனில் பேரைப் போட்டு எழுதிக் கொடும்மா என்றாய். முப்பத்துநான்கு வருடம் அறிவியல் பாடம் நடத்தியவள், முதலில் பார், பிறகு சொல் என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியவள், ஸ்டேஷனில் உட்கார்ந்து என் கையெழுத்தில், அழகாகச் சாய்க்காமல் நிறுத்தி, சந்தேகப்படும் நபர் கோவிந்தராசு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

புதன்கிழமை அவரை விசாரிக்கக் கூப்பிட்டார்கள். மதியம் போனவர் சாயங்காலம்தான் வந்தார். சண்டைக்கு வருவார் என்று அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலிலேயே காத்திருந்தார். அவர் எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட்டார். அப்பாவுக்கு அது பெரிய ஏமாற்றம், எனக்கு அது முதல் உறுத்தல். மறுநாள் பால் ஊற்றும் பெரியம்மாள் வந்து மீதியைச் சொன்னாள். கோவிந்தராசுவுக்கு மங்கலம்பேட்டை ஆள் ஒருவர் மூலமாகக் குவைத்தில் டிரைவர் வேலை கிடைத்திருக்கிறதாம், எல்லாம் முடிந்து போலீஸ் சான்று ஒன்றுதான் பாக்கியாம், இப்போது அவர் பேரில் புகார் இருப்பதால் சான்று தர முடியாது என்று நிறுத்தி வைத்துவிட்டார்களாம், இந்த வெள்ளிக்கிழமைக்குள் காகிதம் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடுமாம். சொல்லிவிட்டு அவள், “செஞ்சவன் அனுபவிக்கட்டும், நமக்கென்ன டீச்சர்” என்று பால் குவளையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். செய்தவர்தானா என்ற கேள்வி எனக்கு அப்போதுதான் ஒழுங்காக வந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அப்போதுதான் வந்தது.

முதலில் உறை. அப்பா கழற்றியபோது நாடா நான்கு மூலையிலும் கட்டியே இருந்தது, நானே பார்த்தேன். கோபத்தில் ஒருவன் வருகிறான், உறையைக் கழற்றுகிறான், வண்டியைப் பாழாக்குகிறான், பிறகு சுருக்கம் இல்லாமல் இழுத்துப் போர்த்தி நாலு முடிச்சும் போட்டுவிட்டுப் போகிறான் என்றால் அது என்ன கோபம்? நம் கண்ணில் சீக்கிரம் படக் கூடாது என்றுதான் என்று அப்பா பதில் வைத்திருந்தார். சரி என்று பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனேன். கீறல்கள் நேர்க்கோடாக இல்லை, எல்லாம் வட்டம் வட்டமாக, சட்டி கழுவும்போது கை போகுமே, அப்படி. கதவில் மட்டுமா? நம்பர் பலகையில், சக்கரத்து மூடியில், கதவுப் பிடிக்குப் பின்னால் இருக்கும் குழியில்கூட அதே வட்டம். பழிவாங்க வந்தவன் கதவுப் பிடியின் குழிக்குள் விரலை விட்டா தேய்ப்பான்? உனக்கு நினைவிருக்குமோ என்னவோ, நீ ஆறாவது படிக்கும்போது எங்கள் பள்ளிக்கூடத்துச் சுவர் முழுக்க யாரோ கரியால் கிறுக்கிவிட்டார்கள் என்று தலைமையாசிரியர் குதித்தார். கிறுக்கல் எல்லாம் தரையிலிருந்து ஒரே உயரத்தில் இருப்பதைப் பார்த்த பிறகுதான், கரி மூட்டை ஏற்றிய வண்டி சந்தில் உரசிக்கொண்டு போனது தெரிந்தது. தடயம் எப்போதும் கேட்டால் சொல்லும், நாம்தான் கேட்பதில்லை.

கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் இடுக்கில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. கொண்டை ஊசியால் கொஞ்சம் சுரண்டி ஒரு தட்டில் வைத்துக்கொண்டேன். அப்பா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். வெள்ளைப் பொடி என்றால் உப்பும் வெள்ளைதான், சர்க்கரையும் வெள்ளைதான், வாயில் போடாமல் எப்படிப் பிரிப்பது? எலுமிச்சம்பழம் பிழிந்தேன், சுண்ணாம்பாக இருந்தால் நுரைத்திருக்கும், நுரைக்கவில்லை. தண்ணீரில் போட்டேன், கரையவில்லை. உடைந்த முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டில் வைத்து விரலால் தேய்த்தேன், கண்ணாடியிலேயே மெல்லிய கீறல் விழுந்தது. கண்ணாடியையே கீறும் பொடி நம் வீட்டில் வேறெங்கே இருக்கிறது என்று யோசித்தபோது பூசையறை அலமாரியில் ஊறுகாய் பாட்டிலில் இருப்பது நினைவுக்கு வந்தது. பீங்கான் பொம்மைக் கம்பெனியில் களிமண்ணோடு கலக்கிற வெள்ளைக்கல் பொடிதான், இந்தத் தெருவில் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் கொஞ்சம் கொஞ்சம் கொண்டுவந்து எல்லா வீட்டிலும் பித்தளைப் பாத்திரமும் குத்துவிளக்கும் அதில்தான் தேய்க்கிறோம், அது போட்டுத் தேய்த்தால் விளக்கு தங்கமாக நிற்கும். அதையும் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தேய்த்துப் பார்த்தேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எந்தக் கீறல் என்று எனக்கே தெரியவில்லை. அந்த பாட்டிலை எனக்குப் போன பொங்கலுக்கு நிரப்பிக் கொடுத்தது கோவிந்தராசுவின் மனைவி திரௌபதி, அவள் அந்தக் கம்பெனியில்தான் பொம்மைகளுக்கு ஓரம் சீவி வழவழப்பாக்கும் வேலை செய்கிறாள்.

வீட்டில் அவர் இல்லாத நேரமாகப் பார்த்து நேற்று முன்தினம் போனேன். மூன்று மாதத்துக்குப் பிறகு அந்த வாசலை மிதிக்கிறேன். அவள் என்னைப் பார்த்ததும் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். நான் குற்றம் கேட்கிறவளாகப் போகவில்லை, விளக்குத் தேய்க்கிற பொடி தீர்ந்துவிட்டது, கொஞ்சம் இருக்கிறதா என்றுதான் கேட்டேன். அவ்வளவுதான், அழுதுவிட்டாள். “நாந்தான் டீச்சர் தேச்சேன். எல்லார் வூட்டு வண்டியும் பூசைக்குப் பளபளன்னு நிக்குது, தம்பி வண்டி மட்டும் உறைக்குள்ள தூசியும் எறும்புமா கெடந்துச்சு. நீங்களும் ஊர்ல இல்ல. அவங்க ரெண்டு பேருக்குத்தான சண்டை, நமக்கு என்ன சண்டைன்னு தேச்சேன். ஈரத்துல பாத்தப்போ நல்லாத்தான் இருந்துச்சு.” ஈரமாக இருக்கும்போது கீறல் தெரியாது, காய்ந்தால்தான் தெரியும், அவள் ஈரத்தைத் துடைத்துவிட்டு உடனே உறையைப் போட்டு, மழை இறங்கிவிடக் கூடாது என்று நாலு மூலையும் கட்டியிருக்கிறாள். பூசையன்று சொல்லத்தான் வந்தாளாம். அதற்குள் அப்பா நடுத்தெருவில் நின்று கை விளங்காமல் போக என்று சாபம் கொடுத்துக்கொண்டிருந்தார், கேட்டவள் கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு திரும்பிப் போயிருக்கிறாள்.

பிறகாவது சொல்லியிருக்கலாமே, அவரை ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டார்களே என்று கேட்டேன். கீழே வைத்த முறத்தை மறுபடி கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு மெல்ல, “குவைத்து போறது நின்னா நிக்கட்டுமேன்னு ஒரு பக்கம் தோணிப்போச்சு டீச்சர்” என்றாள். இதை நான் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை, உனக்கு மட்டும் எழுதுகிறேன், உன்னோடு இருக்கட்டும். எனக்கு அவளைக் கண்டிக்க வாய் வரவில்லை. உன் விசா காகிதம் வர மூன்று வாரம் தாமதமானபோது நான் எந்தச் சாமிக்கு என்ன வேண்டிக்கொண்டேன் என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

அவரிடம் நான் சொல்லட்டுமா என்றதற்கு வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன் என்றாள். என்னையும் உட்காரச் சொன்னாள், தனியாகச் சொல்லப் பயம். கோவிந்தராசு வந்ததும் வராததுமாக முழுவதையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள், அந்தக் கடைசி ஒன்றைத் தவிர. அவர் கைலியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அடித்துவிடுவாரோ என்று நான் எழுந்து நின்றுவிட்டேன். கடைசியில் அவர் கேட்டது இவ்வளவுதான்: “ஏன்டி, பத்து வருசமா நம்ம குட்டியானை வாசல்லதான நிக்குது, அதுமேல ஒரு நாளு ஒரு சொம்பு தண்ணி ஊத்தியிருப்பியா?” அவள், அதைக் கழுவினால் பெயிண்டு எல்லாம் போய் வெறும் தகரம்தான் மிஞ்சும் என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்து முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஸ்டேஷன்ல கேட்டப்போ எனக்குத் தெரியாதுன்னு தலையில அடிச்சு சத்தியம் பண்ணினேன் டீச்சர், இந்த வூட்லதான் ஆளு இருக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்” என்றார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். புகார் எழுதிய அதே கையைக் கூப்பிக் கேட்டேன், அவர் தலையைக் குனிந்துகொண்டு விடுங்க டீச்சர் என்றார். அப்பாவையும் அழைத்துக்கொண்டு போனேன், அவர் மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்லவில்லை, உனக்குத்தான் தெரியுமே, ஆனால் காரை இன்றைக்கே வளைவிலிருந்து எடுத்துவிடலாம் என்றார். பேட்டரி செத்துக் கிடந்ததால் அவர்கள் இரண்டு பேருமாகத் தள்ளிக்கொண்டுபோய் நம் பக்கச் சுவரோரம் நிறுத்தினார்கள், யார் சரியாகத் தள்ளவில்லை என்பதில் ஒரு சின்னச் சண்டையும் நடந்தது.

நேற்று காலை ஸ்டேஷனுக்குப் போய் புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். அங்கிருந்த ரைட்டர் நல்ல பையன், காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வண்டி உங்கள் மகன் பேரில் இருக்கிறது, உரிமையாளர் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால்தான் முடித்துவைக்க முடியும் என்று சொல்லிவிட்டார். ஆக அது உன் கையில் இருக்கிறது. வண்டி உன்னுடையது, உன் முதல் சம்பளத்தில் தவணை கட்ட ஆரம்பித்த வண்டி, கோபப்பட உனக்கு எல்லா உரிமையும் உண்டு, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கடலூர் ரோட்டில் ஒரு பெயிண்டரிடம் காட்டினேன், பாலிஷ் போட்டால் வண்டி உடம்பில் உள்ள கீறல் பாதிக்கு மேல் போய்விடும், கண்ணாடியில் உள்ளது போகாது என்றார். அதை என்ன செய்வது என்று நீ சாவகாசமாக முடிவு செய். கையெழுத்தை மட்டும் சாவகாசமாகச் செய்யாதே. ஒரு வெள்ளைத் தாளில், என் வண்டிக்கு யாரும் வேண்டுமென்று சேதம் செய்யவில்லை என்று தெரிய வந்ததால் என் தாயார் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறச் சம்மதிக்கிறேன் என்று எழுதி, வண்டி நம்பரும் தேதியும் போட்டு, பழைய மாதிரி முழுக் கையெழுத்துப் போடு, இப்போது பேங்கில் போடும் சுழிப்பு வேண்டாம். உனக்கு நேரமிருந்தால் கோவிந்தராசுவுக்கும் ஒரு போன் செய், பேரைப் போடச் சொன்னதில் உனக்கும் பங்கு உண்டு.

மற்றபடி உன் அத்தை உங்கள் இருவரையும் மிகவும் விசாரித்தாள். இளமதிக்கு வடகம் பிழிந்து வைத்திருக்கிறேன், மழை விட்டதும் காயவைத்து அனுப்புகிறேன். காதை மூடாமல் வெளியே போகாதே. இரண்டு பேரும் நோய்நொடி அண்டாமல், மனம் ஒத்து, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம்.

மறக்காதே, வெள்ளிக்கிழமை. தம்பிக்கு எழுதியாச்சா என்று திரௌபதி நேற்றிலிருந்து இரண்டு முறை வந்து கேட்டுவிட்டாள். இன்னும் இல்லை என்றதும் அவள் முகத்தில் வந்துபோனது வருத்தமா நிம்மதியா என்று எவ்வளவு உற்றுப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் இரண்டு முறையும், சீக்கிரம் எழுதுங்க டீச்சர் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா
ஆ. அமிர்தம்