வண்டிக்கு எண்ணெய்

பொகவந்தலாவை,
ஐப்பசி, 1961.

அன்புள்ள தம்பி சின்னராசாவுக்கு, அக்காள் சண்முகவடிவு எழுதுவது.

கொழும்பில் நீயும் உன் குடும்பமும் சுகமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. எப்போதும் உன் மச்சான்தான் உனக்கு எழுதுவார். இப்போது அவர் எழுதுவதும் இல்லை, பேசுவதும் இல்லை. வேறு யாரையும் கூப்பிட்டு எழுதச் சொல்லக்கூடிய விஷயமும் இல்லை இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு படி. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

எங்கள் லயத்தில் பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கிற சிவசாமியின் பெண்சாதி வீரம்மா இறந்துபோனாள். நம் தோட்டத்து ஜீப்பில், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில். ஓட்டியது உன் மச்சான்.

உனக்கு நினைவிருக்கும், போன வருஷம் பழைய ஜீப்பைக் கழித்துவிட்டுப் புதுசு வாங்கும்போது, பெட்ரோலா டீசலா என்று தோட்டத்துத் துரை உன் மச்சானிடம் கேட்டார். துரையே தன்னைக் கேட்டுவிட்டார் என்று இவருக்குத் தலைகால் புரியவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டும் அதே பேச்சு. உனக்கு எழுதிக் கேட்டார். நீ பக்கம் பக்கமாகப் பதில் எழுதினாய். பெட்ரோல் வண்டி சாவியைத் திருப்பினதும் கிளம்பும், குளிருக்குப் பயப்படாது, ஆனால் மழை ஈரத்தில் பிளக்கும் வயரும் நனைந்தால் படுத்துவிடும், மேட்டில் குடித்தே தீர்க்கும் என்றாய். டீசல் காலையில் சோம்பேறி, சூடு காட்டித்தான் எழுப்பவேண்டும், எழும்பிவிட்டால் எந்தப் பாரத்தையும் எந்த மேட்டிலும் இழுத்துவிடும் என்றாய். பெரிய கிளாக்கர் பெட்ரோல்தான் வேண்டும் என்று நின்றார். இவர் உன் சொல்லை வேதவாக்காக எடுத்துக்கொண்டு டீசல் என்று நின்றார். டீசல் வந்தது. லயத்துச் சனங்களுக்கு அது பிடிக்கவில்லை. விடியலில் அது இருமி இருமிக் கிளம்பும் சத்தத்தில் தொட்டில் பிள்ளைகள் அழும். "ஆண்டியப்பன் கொண்டாந்த சனியன்" என்று உன் மச்சான் பெயரைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். இப்போது சிரிக்காமல் சொல்கிறார்கள்.

தோட்டத்துப் பேச்சு உனக்கு மறந்திருக்காது. தேயிலை ஸ்டோரில் இருக்கிற பெட்ரோலுக்கு வண்டி எண்ணெய் என்று பெயர். துரையின் காருக்கும் பழைய ஜீப்புக்கும் அதுதான். டீசலுக்கு இஞ்சின் எண்ணெய் என்று பெயர், ஸ்டோரில் தேயிலை அரைக்கிற இஞ்சின் அதில்தானே ஓடுகிறது. புது ஜீப் வந்த அன்று உன் மச்சான், "இது வண்டிதான், ஆனா குடிக்கிறது இஞ்சின் எண்ணெய்" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.

அன்று விடியலில் வீரம்மாவுக்குப் பெண்குழந்தை பிறந்தது. குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. தாய்க்குத்தான் உதிரம் நிற்கவில்லை. உடனே டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று மருத்துவச்சி கத்தினாள். மழை கொட்டுகிறது. இவர் ஜீப்பை எழுப்பச் சூடு காட்டிக்கொண்டிருந்தார். தாங்கியில் எண்ணெய் கொஞ்சம்தான் இருந்தது. சிவசாமி பக்கத்தில் நின்றிருந்தான். அவனிடம், "ஓடுடா, வண்டிக்கு எண்ணெய் வாங்கியா" என்றார். ஓடினான். ஓடினவன் ஸ்டோர் காவல்காரரிடம் "வண்டி எண்ணெய்" என்று கேட்டிருக்கிறான். க்கு என்கிற அந்த எழுத்து வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது தம்பி. துரையின் காரில் கொண்டுபோகிறார்கள் என்று நினைத்து அவரும் டின்னில் பிடித்துக் கொடுத்துவிட்டார். பிறகு இதை உன் மச்சானிடம் மட்டும் சொன்னார், தன் வேலைக்குப் பயந்து வேறு யாரிடமும் சொல்லமாட்டார். நாங்கள் வீரம்மாவைப் பாயோடு தூக்கி உள்ளே கிடத்திக்கொண்டிருந்தோம். சிவசாமியே டின்னைக் கவிழ்த்தான். அந்த மழையில் வாசனை யாருக்குத் தெரியும்?

நோர்வூட்டுக்கு முன்னால் ஒரு மேட்டில் ஜீப் திக்கித் தடுமாறி நின்றுவிட்டது. தாங்கி மூடியைத் திறந்து மோந்ததுமே உன் மச்சானுக்குப் புரிந்துவிட்டது. பின்னால் சிவசாமி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "அண்ணே, சீக்கிரம்ணே" என்று சொல்லிக்கொண்டே இருந்தானாம். வேறு வண்டி வருவதற்குள் அவள் போய்விட்டாள். பிறகு ஒரு லொறி வந்தது. இரண்டு பேரையும் அதில் ஏற்றி அனுப்பிவிட்டு, இவர் தனியாக ரோட்டில் மல்லாந்து படுத்துத் தாங்கியின் அடித்திருகைக் கழற்றி, எல்லாவற்றையும் ரோட்டோரத் தண்ணீர்க் கானில் ஓடவிட்டிருக்கிறார்.

இதை அவர் தானாகச் சொல்லவில்லை. அன்று கட்டியிருந்த சாரத்தைத் துவைக்கும்போது எனக்குத் தெரிந்தது. டீசல் நாற்றம் எனக்குப் பழகிப்போன நாற்றம். இது அது இல்லை. கேட்டேன். சொன்னார். "ஊத்துனது தன் கையின்னு தெரிஞ்சா அவன் இருப்பானா வடிவு? நாண்டுக்குவான். அந்தப் பச்சப்புள்ளைக்கு அப்புறம் யாரு?" என்று கேட்டு, நம் பிள்ளைகள் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். அந்தச் சத்தியத்தைத்தான் இப்போது உன்னிடம் உடைத்திருக்கிறேன்.

அட்டனிலிருந்து மெக்கானிக் வந்து பார்த்தபோது தாங்கி காலி. எண்ணெய் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் வண்டியை எடுத்து ஓர் உயிரைக் கொன்றவன் என்று உன் மச்சானுக்குப் பெயர் வந்துவிட்டது. வரும் திங்கட்கிழமை துரை விசாரிக்கிறார். விசாரணையாவது ஒன்றாவது, பெயரை வெட்டிப் பத்துச்சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பத்தான் போகிறார். அதோடு வேலையும் போய்விடும், காம்பிராவும் போய்விடும். பத்துச்சீட்டு வாங்கினவனை வேறு தோட்டமும் சேர்த்துக்கொள்ளாது. பிரஜாவுரிமை இல்லாத நாங்கள் இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு எந்த ரோட்டில் நிற்பது? பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனால் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். இவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். நான் வண்டிக்கு என்று சொன்னேனா, வண்டி என்று சொன்னேனா என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்கிறார். நான் பக்கத்தில்தான் நின்றேன், வண்டிக்கு என்றுதான் சொன்னீர்கள் என்று எத்தனை தடவை சொன்னாலும் காதில் ஏறவில்லை.

நேற்றுச் சிவசாமி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். இந்த லயத்தில் இன்னும் எங்கள் வாசலை மிதிக்கிறவன் அவன் ஒருவன்தான். "அக்கா, தாங்கி காலின்னு தொரை சொல்றாராமே. நான் டின்னு நெறைய ஊத்துனேனே! திங்கக்கிழம நானே போயி சாச்சி சொல்றேன். அண்ணனுக்கு வேல போவக்கூடாது" என்றான். எந்த எண்ணெய் ஊற்றினாய் என்று துரை ஒரு வார்த்தை கேட்டால் போதும், எல்லாம் முடிந்தது. எனக்கு உடனே தடுக்க வாய் வரவில்லை தம்பி. உள்ளதைச் சொல்கிறேன். போகட்டும், என் புருஷன் பிழைக்கட்டும், என் பிள்ளைகள் பிழைக்கட்டும் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

குழந்தை சிணுங்கியது. அவன் அதைத் தட்டிக்கொண்டே கேட்டான்: "இல்ல, நான் ஊத்துனது பத்தலையாக்கா? இன்னொரு டின்னு கொண்டாந்திருந்தா இவ ஆத்தா பொழச்சிருப்பாளா?"

அதற்குமேல் என்னால் முடியவில்லை. என் தம்பி கொழும்பில் பெரிய மெக்கானிக், அவனுக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன், அவன் பதில் வராமல் நீ துரையிடம் போகாதே என்று சொல்லிவிட்டேன். சரியென்று தலையாட்டிவிட்டுப் போனான்.

ஆகவே நீ அவன் பெயருக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும். டீசல் வண்டி இந்த மலைக்கு ஆகாது என்று எழுது. மேட்டில் அது கணக்கில்லாமல் குடிக்கும், இன்னும் எத்தனை டின் ஊற்றியிருந்தாலும் அது வழியில் நின்றுதான் இருக்கும், அதனால் சாட்சி சொல்லியும் பிரயோசனம் இல்லை என்று எழுது. தெரியாமல் டீசலை வாங்கச் சொன்னது நான்தான், என்னை மன்னித்துக்கொள் என்று எழுது. டீசல் மேல் உனக்கு எவ்வளவு பெருமை என்று எனக்குத் தெரியும். உன் வாயால் புகழ்ந்ததை உன் கையாலேயே குறை சொல்லவேண்டியிருக்கிறது. எங்களுக்காக இல்லை, அந்தக் குழந்தைக்காக எழுது. கடைசியில், பெட்ரோல் வண்டி வாங்கியிருந்தால் வீரம்மா பிழைத்திருப்பாள் என்று ஒரு வரி சேர்த்துக்கொள். அந்த ஒரு வரி மட்டும் பொய் இல்லை.

கடிதம் திங்கட்கிழமைக்கு முன்னால் அவன் கையில் கிடைக்கவேண்டும். நாங்கள் எங்கே போகிறோம் என்று தெரிந்தபிறகு உனக்கு எழுதுகிறேன். நீயும் உன் பிள்ளைகளும் இருக்கிற இடத்தில் நிலைத்து இருங்கள் ராசா. என்னைத் திட்டாதே. எழுதிவிடு.

இப்படிக்கு,
உன் அக்காள்
சண்முகவடிவு