சீடி அட்டையில் ஒரு பெயர்

சென் ஜேம்ஸ் ரவுண், ரொறன்ரோ
15 ஒக்ரோபர் 1996

அன்பு மகள் யூஜினிக்கு,

மாதாவின் காவலில் நீர் சுகமாக இருப்பீர் என்ற நம்பிக்கையோடு அப்பா எழுதுகிறேன். என் எழுத்தைக் கண்டதும் அம்மாவுக்கு ஏதும் வருத்தமோ என்று பயப்பட வேண்டாம். அவ நல்ல சுகம். உம்மோடு போனில் கதைத்துவிட்டு வைத்தால் அன்று முழுக்கச் சிரித்த முகம்தான். உம்முடைய போன் வரும் நேரம் பார்த்து நான் குளியலறைக்குள் போய்விடுவது உமக்கும் தெரியும்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. லிப்ற் மறுபடியும் வேலை செய்யவில்லை. விட்பியில் புது வீடு வாங்கச் சொல்லி, வீடு விற்றுக் கொடுக்கும் நவரட்ணம் அண்ணை அரிக்கிறார். நான் இன்னும் பிடிகொடுக்கவில்லை.

பாட்டுக் குழுவுக்கு யாராவது ‘ஸ்னோ ரயர்ஸ்’ என்று காருக்குப் போடும் பனிக்கால ரயரின் பெயரை வைப்பார்களா என்று நான் அப்போது உம்மைக் கேட்டேன்தானே. நேற்று ஸ்ரீற்காரில் போகும்போது பக்கத்து சீற்றில் இருந்த பெடியனின் ஹெட்போனுக்குள் உங்கள் பாட்டுத்தான் இரைந்தது. மோர்னிங்சைட் பேஸ்மென்ற்றில் நீங்கள் போட்ட சத்தத்துக்கு அயலவர்கள் பொலிசைக் கூப்பிட்டார்கள். போன வருடம் அதே சத்தத்துக்கு அமெரிக்காக்காரன் கை தட்டினான். இப்போது லண்டனிலும் ஹம்பேர்க்கிலும் காசு கொடுத்து வரிசையில் நிற்கிறார்கள். உலகம் போகிற போக்கு எனக்கு விளங்கவில்லை. ஆனால் அந்தப் பாட்டில் நீர் வாசிப்பது எது என்று இப்போது பிரித்துக் கேட்கத் தெரியும். எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்று உறுமுகிறதே, உம்முடைய பேஸ் கிற்றார் அதுதானே?

போன கிழமை லண்டனில் குணவதி மாமி இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு மண்டபத்தின் பின்கதவுக்கு வந்தாவாம். நீங்கள் நாலு பேரும் வழித்துத் துடைத்தீர்களாம். பாடுகிற வெள்ளைக்காரப் பெடியன் சம்பல் உறைப்பில் கண்ணீர் விட்டபடியே இரண்டாம் தரமும் கேட்டானாம். இதையெல்லாம் மாமி எனக்குப் போன் எடுத்துச் சொன்னா.

கடைசியில் ஒன்று கேட்டா. மேடையில் ஒவ்வொருவரையும் முழுப்பெயர் சொல்லி அறிமுகம் செய்தார்களாம். உம்முடைய முறைக்கு வெறும் யூஜினி. சீடி அட்டையிலும் அப்படித்தானாம். “அண்ணை, எங்கட பிள்ளை தகப்பன் பேர் இல்லாத பிள்ளை மாதிரி நிண்டவள். ஏன்?” என்றா. லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஏன் என்பது உமக்கும் எனக்கும் தெரியும். நீர் படிப்பை விட்டுப் புறப்பட்ட அன்று, “மியூசிக் பாண்டும் கத்தரிக்காயும்! அதுக்குப் பின்னால் என்ர பேரை இழுக்காதை” என்று கத்தியவன் நான். நான் சொன்ன எதையும் கேட்காத பிள்ளை நீர். அதை மட்டும் அச்சொட்டாகக் கேட்டீர்.

வெள்ளைக்காரருக்குக் குடும்பப் பெயர் பாட்டன் பூட்டன் வழியாக வரும். எங்களுக்குத் தகப்பனுக்கு வைத்த பெயரே பிள்ளைக்கும் கடைசிப் பெயர். எனக்கென்று வைத்த பெயர் அது ஒன்றுதான். இந்த நாட்டில் அதை யாரும் ஒழுங்காகச் சொன்னதில்லை; வேலையிடத்தில் ஜே என்று முடித்துவிடுவார்கள். உங்கள் பாட்டுக்காரனும் மேடையில் பிழையாகத்தான் சொல்வான். பரவாயில்லை.

புதுச் சீடியின் அட்டை இந்தக் கிழமை அச்சுக்குப் போகிறது என்று அம்மா சொன்னா. தபாலில் போட்டால் நேரத்துக்கு வந்து சேராது. அதனால் கீழே உள்ள குலசிங்கத்தின் கடையிலிருந்து உங்கள் ஹம்பேர்க் ஹோட்டலுக்கு பக்ஸ் மெஷினில் அனுப்புகிறேன். அவன் ஒரு வரி விடாமல் வாசிப்பான். பிறகு பில்டிங் முழுக்கச் சொல்வான். சொல்லட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடும். கழுத்துக்குத் துணி சுற்றாமல் வெளியே போக வேண்டாம். அட்டையில் இடமிருந்தால் அந்தப் பெயரையும் போடும், மகள். சின்ன எழுத்தென்றாலும் போதும். அச்சடிப்பவர்கள் பிழைவிடாதபடி அடுத்த பக்கத்தில் ஆங்கிலத்தில் பெரிதாக எழுதியிருக்கிறேன். அடுத்த முறை உம்முடைய போன் வரும்போது நான்தான் எடுப்பேன்.

போகிற ஊரெல்லாம் மாதா உமக்குத் துணையிருப்பாராக.

உம்முடைய அப்பா,
ஜெயரட்ணம்