ஏற்றுக்கொள்கிறேன் என்ற கடைசி வரி

3.3.2025, திங்கள்

ஜெசிதா நாலு மணிக்கு வந்தாள். இரண்டு கண்ணுக்கும் சொட்டு மருந்து விட்டாள். பேப்பரில் மரண அறிவித்தல்களை வாசித்தாள். இன்று தெரிந்தவர் ஒருவரும் இல்லை என்றதும் இரண்டு பேருக்கும் கொஞ்சம் ஏமாற்றந்தான். அதை நினைத்துச் சிரித்தோம். பிறகு வழக்கம்போல, தேத்தண்ணி போடட்டோ என்று கேட்டாள். வழக்கம்போல வேண்டாம் என்றேன். போட்டுக்கொண்டு வந்தாள். என்னுடைய முதல் ‘வேண்டாம்’ என்பதை அவள் ஒருநாளும் காதில் வாங்கியதில்லை. எங்கள் ஊரில் யார்தான் முதல் தரமே ஓம் என்கிறார்கள்?

ஒரு மணித்தியாலம். அவள் போனால் அடுத்த நாள் நாலு மணி வரைக்கும் இந்த வீட்டில் சத்தம் போடுவது பல்லியும் கோயில் மணியும்தான்.

ஒஸ்லோவில் இருக்கும் தம்பி ஜெறோம் எட்டு மாதத்துக்கு முன்னர் என்னைக் கேட்காமல் செய்த ஏற்பாடு இது. அப்போது ஒரு கிழமை அவனோடு நான் கதைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் உள்ள பராமரிப்புக் கொம்பனி ஒன்றோடு ஒப்பந்தம். பிரதி மேசை லாச்சிக்குள் இருக்கிறது. கீழே அவன் கையெழுத்து, கொம்பனியின் கையெழுத்து. நான் நடுவில் ஒரு வரி: ‘பராமரிப்புப் பெறுபவர்: செல்வி யோசப்பின், வயது 69.’

முப்பத்துநாலு வருடம் காணி உறுதி எழுதும் நொத்தாரிசு நமசிவாயம் ஐயாவிடம் ரைப்பிஸ்ட்டாக இருந்தவள் நான். எத்தனை ஆயிரம் உறுதிகளுக்குச் சாட்சிக் கையெழுத்து வைத்திருப்பேன்! எனக்கு ஏதும் கிடைப்பதாக எழுதிய பத்திரம் இது ஒன்றுதான்.

5.3.2025, புதன்

விபூதிப் புதன். இன்றைக்கு ஒருசந்தி விரதம், தேத்தண்ணி உண்மையாகவே வேண்டாம் என்று சொல்லி அவளை நம்பவைக்கப் பெரும்பாடு பட்டேன்.

10.3.2025, திங்கள்

நாலேகாலுக்கு வேறொரு பிள்ளை வந்து நின்றாள். பெயர் தர்சிகா. பழைய கொம்பனி தன் ஒப்பந்தங்களை எல்லாம் கொழும்புக் கொம்பனி ஒன்றுக்குக் கைமாற்றிவிட்டதாம். எங்கள் குருநகர்ப் பக்கத்து வீடுகள் இனித் தனக்காம். ஜெசிதாவை நெல்லியடிக்கு அனுப்பியாயிற்றாம்.

கெட்ட பிள்ளை இல்லை. மருந்தைச் சரியாக விட்டாள். பேப்பர் வாசிக்க நேரமில்லை, ஆறு மணிக்குள் இன்னும் இரண்டு வீடு என்றாள். தேத்தண்ணி போடட்டோ என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

சரி அம்மா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

11.3.2025, செவ்வாய்

காலையில் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒப்பந்தத்தை எழுத்தெழுத்தாகப் படித்தேன். நாலாம் பிரிவு: ‘சேவையை ஜெசிதா நேரில் செய்வார்.’ ஆளைப் பெயர் சொல்லிப் போட்டிருக்கிறது!

இதற்கு ஐயா ஓர் உதாரணம் சொல்வார். பத்து மூட்டை சீமெந்து கேட்டால் எந்த லொறியில் வந்தால் என்ன, சீமெந்து சீமெந்துதான். ஆனால் இன்ன தவில்காரர்தான் வேண்டும் என்று பேசி முற்பணம் கொடுத்த கலியாணத்துக்கு அவர் தன் மச்சானை அனுப்ப முடியாது. கொம்பனி உரிமையை விற்கலாம். பெயர் சொல்லி ஒப்புக்கொண்ட கடமையைத் தான் நினைத்தபடி இன்னொருத்தர் தலையில் கட்ட ஏலாது.

உசாராகப் போன் எடுத்தேன். கொழும்புக் கொம்பனியில் ஓர் இளைஞர் மரியாதையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அம்மா, நீங்கள் ஒப்பந்தக்காரர் இல்லைத்தானே. கையெழுத்து வைத்தவரோடுதான் நாங்கள் கதைக்கலாம்.”

என்னைப் பற்றிய பத்திரம். நான் வெளியாள்.

13.3.2025, வியாழன்

இன்று ஒருவரோடும் கதைக்கவில்லை. தர்சிகாவோடு கதைத்த நாலு சொல்லைக் கணக்கில் எடுக்கவில்லை.

16.3.2025, ஞாயிறு

பூசையில் ஜெசிதாவைக் கண்டேன், சந்தையில் மீன் விற்கும் தாய் சிசிலியாவோடு நின்றாள். பூசை முடியட்டும் என்று காத்திருந்தேன். என்னைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். மற்ற வாசலால் போய்விட்டாள்.

ஏன்? நான் என்ன செய்தேன்?

17.3.2025, திங்கள்

ஜெறோமோடு கதைத்தேன். கதைத்திருக்கவே கூடாது — இல்லை, முதலே கதைத்திருக்க வேண்டும்.

“அக்கா, நீங்கள் வேண்டாம் எண்டு சொன்னதாத்தானே கொம்பனி ஆக்கள் எனக்கு எழுதினவை. அதுதான் ஆளை மாத்த ஓம் எண்டு கையெழுத்து வைச்சனான்.”

சனவரியில் பழைய கொம்பனியிலிருந்து ஒரு பெண் பிள்ளை போன் எடுத்தது. ஜெசிதா தொடர்ந்து வரவேணுமோ எண்டு கேட்டது. நான் என்ன சொன்னன்? எனக்கு ஒருத்தரும் வேண்டாம், தம்பியின்ரை ஆசைக்காக விட்டிருக்கிறன் எண்டு சொன்னன். ஓம், சொன்னன். பெருமைக்குச் சொன்னன். மற்றத்தரமும் கேக்கும், அப்ப சரி வரட்டும் எண்டு சொல்லுவம் எண்டு இருந்தன். அது கேக்கேல்லை. எழுதிக்கொண்டு போனை வைச்சிட்டுது.

ஜெசிதாவுக்கும் அதைத்தானே சொல்லியிருப்பினம்.

19.3.2025, புதன்

சண்டிலிப்பாய்ச் சின்னாச்சியின் நினைவு வந்தது. தமையன் தன் தோட்டக்காணியை அவளுக்கு நன்கொடையாக எழுதினார். உறுதியை நான்தான் ரைப் பண்ணினேன். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: ‘இந்நன்கொடையை நன்றியுடன் ஏற்றுக்கொள்கிறேன்.’ அதன் கீழே அவள் கையெழுத்து வைக்க வேண்டும். அவனுடைய காணி எனக்கெதற்கு என்று சொல்லி அவள் வரவில்லை. தமையன் இன்னொரு தரம் வந்து கூப்பிடுவார் என்று வீட்டில் இருந்தாளாம். அந்தக் கிழமையே அவர் நெஞ்சு வலியில் போய்விட்டார். காணி அவருடைய பிள்ளைகளுக்குப் போயிற்று.

“குடுக்கிறவன் குடுத்தாலும் வாங்கிறவ வாயைத் திறந்து சொல்லவேணும், யோசப்பின்,” என்றார் ஐயா அன்றைக்கு. நான் அவளை மனத்துக்குள் விசரி என்று திட்டினேன்.

மூன்றாம் ஆளின் நன்மைக்காக இரண்டு பேர் செய்யும் ஒப்பந்தமும் எங்கள் சட்டத்தில் ஏறத்தாழ அப்படித்தான். அந்த ஆள் ஏற்றுக்கொண்டால் அவருக்கும் உரிமை வரும். அதுவரை கையெழுத்து வைத்த இருவரும் சேர்ந்து மாற்றலாம். மாற்றிவிட்டார்கள். எட்டு மாதம் தேத்தண்ணி வாங்கிக் குடித்ததே ஏற்றுக்கொண்டது ஆகாதா? நல்ல வாதம். ஐயா இருந்திருந்தால் மேசையில் தட்டியிருப்பார். ஆனால் வழக்கு வைத்தா ஒரு பிள்ளையை என்னோடு சிரிக்க வைப்பது?

எனக்கு அவள் வேண்டும். இதை இந்தக் கொப்பியில்கூட இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

22.3.2025, சனி

பெரிய எழுத்தில், கோணல்மாணலாக, இரண்டு பிரதி எழுதினேன். ‘என் தம்பி எனக்காகச் செய்த ஒப்பந்தத்தின்படி ஜெசிதா செய்த சேவையை, அவர் முதன்முதலில் வந்த நாளிலிருந்து நான் நன்றியுடன் ஏற்றுக்கொண்டிருக்கிறேன். தொடர்ந்தும் ஏற்றுக்கொள்கிறேன்.’ கையெழுத்தை இடப்பக்கம், சாட்சியின் இடத்தில் வைக்கப் போய்விட்டேன். பழக்கம்.

பின்னேரம் கடற்கரைப் பக்கம் ஜெசிதா வீட்டுக்கு நடந்து போனேன். மூன்று தரம் வழி கேட்டேன். ஜெசிதா கதிரை எடுத்துப் போட்டாள். முகம் கொடுக்கவில்லை. கடிதத்தைக் கொடுத்து, எழுத்து எனக்குத் தெரியவில்லை, வாசி என்றேன். பொய்தான். மரண அறிவித்தல் வாசிக்கும் அதே குரலில் தொடங்கினாள். பாதியில் நின்றுவிட்டாள்.

“என்னை வேண்டாம் எண்டு சொன்னனீங்கள் எண்டு சொன்னவை, அன்ரி.”

“சொன்னனான் பிள்ளை. அது முதல் வேண்டாம்.”

அவள் அழுதாள். நானும்தான். சாட்சிக் கையெழுத்துக்குச் சிசிலியாவைக் கேட்டேன். மீன் கழுவிய கையைத் துடைத்துவிட்டு வந்து, எங்கே வைப்பது என்று கேட்டு, இரண்டு பிரதியிலும் வைத்தார். ஒன்று கொம்பனிக்கு. மற்றதை ஜெசிதா தான் வைத்திருக்கப் போவதாகச் சொன்னாள்.

4.4.2025, வெள்ளி

கொம்பனியின் பதில் வந்தது. என் கடிதம் கிடைத்ததாம். அதற்கு முன்னரே இரு தரப்பும் உடன்பட்டு மாற்றம் நடைமுறைக்கு வந்துவிட்டதாம். நெல்லியடி வீட்டுக்கும் இப்போது ஜெசிதாவின் பெயரில் ஒப்பந்தமாம். அங்கே ஒரு மனுசி அவளுக்காகப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த மனுசியாவது கேட்டவுடன் ஓம் என்றிருக்கும்.

பதிலில் பிழை சொல்ல முடியவில்லை. நான் ரைப் பண்ணியிருந்தாலும் அப்படித்தான் பண்ணியிருப்பேன்.

போன ஞாயிறு பூசை முடிய ஜெசிதா வீட்டுக்கு வந்தாள். அரை மணித்தியாலம் இருந்தாள். இனி ஒவ்வொரு ஞாயிறும் வாறன் என்றிருக்கிறாள். அது எந்தப் பத்திரத்திலும் இல்லை. மற்ற ஆறு நாளும் நாலு மணி வரத்தான் செய்யும்.

7.4.2025, திங்கள்

தர்சிகா நாலேகாலுக்கு வந்தாள். மருந்து விட்டாள். கைப்பையை எடுத்து மாட்டிக்கொண்டே, “தேத்தண்ணி போடட்டோ அம்மா?” என்று கேட்டாள்.

அந்தச் சொல் வாய் வரைக்கும் வந்துவிட்டது.

“ஓம் பிள்ளை,” என்றேன். “உமக்கும் சேர்த்துப் போடும்.”

மணிக்கூட்டைப் பார்த்தாள். பிறகு பையைக் கழற்றிக் கதிரையில் வைத்துவிட்டு, சீனி எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.