முப்பத்தெட்டு என்றே சொல்

அன்புள்ள அன்னமேரிக்கு,

மாதா புண்ணியத்தில் நான் சிங்கம்போல இருக்கிறேன். உன் முழங்கால் வலி தேவலையா? போனில் ஒட்டுக் கேட்பார்கள் என்றுதான் இந்தக் கடிதம்.

போச்சம்பள்ளியில் எங்கள் கம்பெனி விடுதியில் இரண்டு பேருக்குத் தட்டம்மை. பயப்படாதே, என்னை நெருங்காது. என்னைப் பார்க்கவே டெல்லியிலிருந்து ஒரு டாக்டரம்மா பறந்து வந்து, வயது கேட்டு ரத்தம் எடுத்தாள்.

“ஊசி போட்டவங்களுக்கு வருஷம் ஆக ஆக சக்தி குறையும்ண்ணா. ஊசி வர்றதுக்கு முன்னாடி பொறந்து, அம்மையே வந்தவங்களுக்குக் குறையாது. வயச வெச்சுத்தான் இன்னும் எத்தன பேருக்கு வரும்னு கணக்குப் போடுறோம்.”

வேலைக்குச் சேரும்போது சொன்ன முப்பத்தெட்டையே சொன்னேன். மீசையைப் பார்த்துச் சிரித்தாள். “ரத்தம் சொல்லிடும்ண்ணா!”

கம்பெனிதான் அவளை ஏவியிருக்கும். ஐம்பத்திரண்டு என்று தெரிந்தால் வேலை போய்விடும். தலைக்கு அடிக்கும் மை இரண்டு பாக்கெட் அனுப்பு, உன் கையால் கொஞ்சம் கருவாட்டுப் பொடியும். யார் கேட்டாலும் முப்பத்தெட்டு என்றே சொல். உன் வயதையும் குறைத்துக்கொள், எனக்கு மூத்தவளாகிவிடாதே.

வேலைக்குப் போகக் கம்பெனி பஸ் வந்துவிட்டது.

சூசை