ஒரு தந்தி மட்டும் இறங்குகிறது

அன்புள்ள பெரியவளுக்கு,

உறுதியானதை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் தங்கையின் உகுலேலேயில் பழுது எதுவும் இல்லை. இசைக்கருவி பழுதுபார்க்கிறவர் நேற்று மாலை நாலரை மணிக்குத் தன் கடையில் வைத்துச் சொன்னார். மூன்று நாள் அவர் மேசை மேல் இருந்தது. நான்கு தந்திகளும் வைத்த சுருதியிலேயே நின்றன. நம் வீட்டில்தான் நிற்கவில்லை.

போன மாதம் இரண்டாம் ஞாயிறு அவள் அறையைத் துடைத்தேன். அவள் போய்ப் பதினோரு மாதத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவை உள்ளே போனேன். உகுலேலேயைத் தட்டிப் பார்த்தேன். தந்திகள் தளர்ந்திருப்பதாகப் பட்டது. கைபேசியில் ஒரு செயலியை இறக்கி, அது பச்சை காட்டும்வரை நான்கையும் முறுக்கினேன். ஜி, சி, இ, ஏ. எல்லோரும் வைக்கிற சுருதி. முன்பு எங்கே இருந்தன என்று குறித்துக்கொள்ளவில்லை. முப்பது வருஷம் செய்தி சேகரித்தவன் செய்கிற வேலையா இது?

சாயங்காலம் நான் நடக்கப் போனதும் அம்மா அந்த அறையில் போய் உட்காருவாளாம். தந்திகளைக் கட்டைவிரலால் ஒரு தடவை வருடிவிட்டு எழுந்து வருவாளாம். எனக்குத் தெரியாது. அன்றைக்கு நான் திரும்பி வந்தபோது வாசலிலேயே நின்றிருந்தாள். “அதை என்னங்க பண்ணீங்க?” என்றாள். குரலை உயர்த்தவில்லை. “இது அவ இல்லைங்க.”

மறுநாள் காலை, தரைப்பக்கத்துக் கடைசித் தந்தி இறங்கியிருந்தது. ஏயில் விட்டது ஜியில் நின்றது. ஏற்றினேன். அடுத்த காலையும் ஜி. புதிதாக முறுக்கிய தந்தி தளரும்தான். ஆனால் தினமும் ஒரே படியில் போய் உட்காருமா? அம்மாவைக் கேட்டேன். எந்தப் பக்கம் திருகணும்னே தனக்குத் தெரியாது என்றாள். அவளுக்குப் பொய் வராது. ஐந்தாம் நாள் அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படுத்தேன். அப்போதும் ஜி.

அதன் பிறகுதான் கடைக்கு எடுத்துப் போனேன். அந்த மனிதருக்கு வாய் கொஞ்சம் நீளம். “நாலு தந்திக்கே இந்தப் பாடுன்னா, கிட்டார் வாங்கியிருந்தா ஊரை விட்டே ஓடியிருப்பீங்க சார்” என்றார். ஆனால் வேலையில் சுத்தம். வழக்கமான சுருதியில் வெறுமனே மீட்டிக் காட்டினார். சொல்ல வந்ததைப் பாதியில் விட்டதுபோல ஒலித்தது. கடைசித் தந்தியை மட்டும் ஏயிலிருந்து ஜிக்கு இறக்கி மறுபடி மீட்டினார். முழு சி கார்ட், ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கிற கொத்து. ஒரு விரல்கூட வைக்கவில்லை. இதற்கு ஒரு விலை உண்டு என்றார். சி சும்மா கிடைத்துவிடும். ஆனால் இரண்டு விரலில் பிடிக்கிற எஃப்புக்கு மூன்று விரல் வேண்டும். புத்தகத்தில் படித்த கார்ட் எதுவும் அப்படியே செல்லாது, எல்லாவற்றையும் புதிதாக வரைந்துகொள்ள வேண்டும்.

உன் தங்கை வரைந்திருந்தாள். அந்தப் பச்சை அட்டை நோட்டுப் புத்தகம் உனக்கு ஞாபகம் இருக்கும். எஃப் கட்டத்தில் மூன்று புள்ளி, விரலுக்கு ஒன்று. கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு கட்டம், புள்ளியே இல்லாமல். முடிக்காமல் விட்டுவிட்டாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அதன் மேல் சின்ன எழுத்தில் “அம்மாவுக்கு” என்று எழுதியிருக்கிறது.

அம்மாவின் இடது கை விரல்கள் மடங்குவதில்லை. உனக்குத் தெரிந்ததுதான்.

வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தை அம்மாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள், பாடும்போது தன் தொண்டைக்குத் தோதாக உன் தங்கை நான்கையுமே இன்னும் கொஞ்சம் இறக்கி வைப்பாளாம். எவ்வளவு என்று சொல்லத் தெரியவில்லை. கடைசி நாள் காலையில் அம்மாவை மீட்டச் சொல்லி, தான் பாடி, பதிவு செய்து உனக்கு அனுப்பினாளாம். “பெரியவ கேட்டாளான்னு அன்னைக்கு நாலு தடவை கேட்டா அவ” என்றாள்.

நீ அதை இன்னும் திறக்கவில்லை என்று மாப்பிள்ளை சொன்னார். அதற்கு முந்தின நாள் நீயும் தங்கையும் போனில் என்ன பேசிக்கொண்டீர்கள் என்று நான் கேட்டதில்லை. கேட்கவும் மாட்டேன். சண்டை போட்டுக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருப்பவள் மறுநாள் பாட்டு அனுப்ப மாட்டாள் என்பது மட்டும் என் கணிப்பு.

இங்கே மற்ற செய்தி ஒன்றுமில்லை. என் கண்ணுக்குப் புதுச் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. அந்த அறைப்பக்கம் போவதும் இல்லை.

தந்தி ஏன் இறங்கியது என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்றே எழுதுகிறேன். உகுலேலே கடையில்தான் இருக்கிறது. பதிவைக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் சுருதியைப் பிடித்துவிடலாம் என்கிறார் அவர். சனிக்கிழமை ஐந்து மணிவரை திறந்திருப்பார். நீ தனியாகக் கேட்க வேண்டாம்மா. மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். முடியாவிட்டால் திறக்காமல் அப்படியே எனக்கு அனுப்பு, நான் கேட்கிறேன். எப்படியானாலும் நீ நன்றாக இரு.

பதிவு வரும் என்று சனிக்கிழமை கடை வாசலில் காத்திருப்பேன். அம்மாவும் வருவதாகச் சொல்கிறாள்.

உன் அப்பா