நூர்ஜஹான் அக்கா மவுஸ்

ஜூலை 8, செவ்வாய். காலையிலேருந்து தூறல்.
கம்பெனியில என் சீட்டை மாத்திட்டாங்க. ஷூ பேக்கிங்லேருந்து ஆபீஸ் ரூம், கம்ப்யூட்டர். நூர்ஜஹான் அக்கா இடம். அவங்க இறந்த பிறகு யாரும் உட்காரல. மவுஸும் அவங்களதுதான். அடியில தோல் தூசி அப்பிக் கிடந்துச்சு, பஞ்சுல ஸ்பிரிட் தொட்டுத் துடைச்சேன். பேடுக்குப் பதிலா ஒரு வெட்டுத் தோல் துண்டு. அதைக் குப்பையில கடாசிட்டு பேப்பர் வெச்சேன். பட்டன் வேற தலைகீழ், வலது பட்டனை அமுக்கினாத்தான் வேலை செய்யுது. செட்டிங்ல மாத்தினேன். ஒரே பேஜார்.

9, புதன். வெயில்.
மவுஸ் கீபோர்டுக்கு இடப்பக்கம். பட்டன் பழையபடி தலைகீழ். அடியில அதே தோல் துண்டு.
கூட்டுற கன்னியம்மா அக்காவைக் கேட்டேன். "உன் மேசைய நான் இன்னாத்துக்குத் தொடறேன்? குப்பைய நேத்தே கொட்டிட்டேன்." பொய் சொல்ற ஆள் இல்ல.

11, வெள்ளி.
பக்கத்து மேசை தஸ்லீம், டிபன் சாப்பிடும்போது: "அக்கா முதல்ல கட்டிங்ல இருந்தாங்க. மெஷின் சோத்தாங்கை விரலை வாங்கிடுச்சு. அப்புறம்தான் கம்ப்யூட்டர். எல்லாம் பீச்சாங்கையிலதான் செய்வாங்க."
பாவம்தான். அதுக்கு என் மேசையில இன்னா வேலை? பட்டனை மாத்தி, வயரை டேப் போட்டு வலப்பக்கம் ஒட்டிட்டு வந்தேன்.

12, சனி. புழுக்கம்.
டேப் உரிஞ்சு கிடக்கு. மவுஸ் இடப்பக்கம். தொட்டேன், வெதுவெதுன்னு இருந்துச்சு. கம்ப்யூட்டரே இன்னும் போடல.
சூப்பர்வைசர் மூர்த்தி சார் வந்தார். "கட்டிங்ல ஆள் கம்மி. திங்கள்லேருந்து மெஷினுக்குப் போயிடும்மா."
"பழக்கமில்ல சார்."
"கை தானா பழகிடும்."
பயமா இருக்கு. மாட்டேன்னா வேலை போயிடும், வீட்டுல என் சம்பளம்தான்.
வாங்கணும்: ஷாம்பு, அம்மா மாத்திரை. குடைக்கம்பி ரிப்பேர்.
மதியம் பூரா மவுஸ் நல்லா ஓடுச்சு. பட்டன் தலைகீழாவே இருந்தும் ஒரு தப்பு வரல. ஏன்னு தெரியல.

13, ஞாயிறு.
மதியம் கறிக்குழம்பு. அம்மா சோறு போட வந்து அப்படியே நின்னுச்சு.
"இன்னாடி, பீச்சாங்கையில சாப்புடுற?"
குனிஞ்சு பார்த்தேன். ஆமா. சோத்தாங்கை மடியில இருக்கு, விரலெல்லாம் உள்ள மடக்கி, ஒளிச்சு வெச்சுக்கிட்டு. விரிச்சுப் பார்த்தேன். விரிய மாட்டேங்குது.
இதை எழுதறதும் பீச்சாங்கைதான். எழுத்து கோணாம வருது.
நாளைக்கு மெஷின்.